கோல்டு செயினா, கோல்டன் செயினா?

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டில் சரக்கு வாங்குபவர் திறந்திருந்த எல்.சி.யில் (லெட்டர் ஆஃப் கிரெடிட், சரக்குக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) சரக்கின் பெயர் ‘லெதர் சேஃப்டி ஷூஸ்’ என்று இருந்தது. இன்வாய்ஸ் அடிக்கும்போது நான் அதை ‘சேஃப் லெதர் ஷூஸ்’ என்று மாற்றிவிட்டேன். அவசரத்தில் வந்த பிழை என்று சொல்ல முடியாது, யோசித்தே செய்தேன். நவுனுக்கு முன்னால் அட்ஜெக்டிவ்தான் வர வேண்டும் என்று பள்ளியில் படித்திருந்தேன். ‘சேஃப்டி’ நவுன், ‘சேஃப்’ அட்ஜெக்டிவ். அப்படியென்றால் எல்.சி. எழுதியவர்தான் தவறு செய்திருக்கிறார், நாமாவது சரியாக எழுதுவோம் என்று நினைத்தேன். எல்.சி.யில் உள்ள சரக்கு விவரமும் இன்வாய்ஸில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்று வங்கி டாக்குமென்டுகளை நிறுத்திவிட்டது. பணம் வருவது தள்ளிப்போனது. அதற்கென்று ஒரு கட்டணமும் பிடித்துக்கொண்டார்கள்.

சேஃப்டி ஷூ என்பது கால்விரல்களுக்கு மேலே உள்ளுக்குள் ஒரு கெட்டியான தொப்பி வைத்துத் தைப்பது. ஐ.எஸ்.ஓ. 20345 தரப்படி அந்தத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டால் எவ்வளவு அடி விழுமோ, ஏறக்குறைய அவ்வளவு. ‘சேஃப் ஷூ’ என்றால் போட்டுக்கொண்டவருக்குக் கெடுதல் செய்யாத ஷூ, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடும் கேன்வாஸ் ஷூகூட சேஃப்தான். ஒரு சொல் என்ன வகை என்று சொல்கிறது, மற்றது எப்படிப்பட்டது என்று சொல்கிறது. இந்த வேறுபாட்டைப் படிக்கிற காலத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் மாலை டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளையானாலும் நர்சிங் மாணவியானாலும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.

இதற்கான காது தமிழ் பேசுகிற நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. ‘மரப்பெட்டி’ என்கிறோம், ‘மரமான பெட்டி’ என்று யாரும் சொல்வதில்லை. ‘அழகு நிலையம்’ வேறு, ‘அழகான நிலையம்’ வேறு. அழகு நிலையத்தின் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கலாம், அது அழகு நிலையம்தான். இரண்டு பெயர்களை ஒட்டிச் சொன்னால் வகை வருகிறது, நடுவில் ‘ஆன’ வந்தால் குணம் வருகிறது. ‘பியூட்டி பார்லர்’, ‘பியூட்டிஃபுல் பார்லர்’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் இதே வேறுபாடுதான். ஆகவே எழுதுவதற்கு முன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் நவுன் போடுங்கள், ‘ஆன’ கேட்டால் அட்ஜெக்டிவ் போடுங்கள். முக்கால்வாசி இடங்களில் இது போதும். மீதிக் கால்வாசியில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் அதிகமாகத் தவறுவது வாத்தியார்களிடம். இசை ஆசிரியர் ‘மியூசிக் டீச்சர்’. ‘மியூசிக்கல் டீச்சர்’ என்று எழுதினால் இசை ஞானம் உள்ள ஒரு ஆசிரியர் என்று பொருள், அவர் கணக்கு எடுப்பவராகவும் இருக்கலாம். இயற்பியல் ஆசிரியர் ‘ஃபிசிக்ஸ் டீச்சர்’. அதை ‘ஃபிசிக்கல் டீச்சர்’ என்று எழுதினால் படிப்பவர் மனதில் பி.டி. மாஸ்டர்தான் வருவார். ‘இங்கிலீஷ் டீச்சர்’ என்பதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதற்கு இரண்டு பொருள், எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ‘இங்கிலீஷ்’ என்ற முதல் சொல்லை அழுத்திச் சொன்னால் ஆங்கிலம் கற்பிப்பவர். ‘டீச்சர்’ என்பதை அழுத்தினால் இங்கிலாந்துக்காரரான ஆசிரியர். நவுன் முன்னால் நின்று வகை சொல்லும் இடங்களில் பெரும்பாலும் முதல் சொல்லில்தான் அழுத்தம் விழும். நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகளிடம் இதை வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பழக்குகிறேன்.

கோட்டைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு எடுத்துக்காட்டு நினைவுக்கு வரும். 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’யை எதிர்த்து. (அவர்களைக் கொதிக்க வைத்தவற்றில் புதிய தலைப்பாகையும் ஒன்று. அதில் தோலில் செய்த ஒரு சின்னம் இருந்தது. தோல் தொழிலில் இருந்துவிட்டு அந்த வரியைப் படித்தபோது சற்று நின்றுவிட்டேன்.) அந்தக் கம்பெனியின் பெயரைப் பாருங்கள். ‘ஈஸ்ட் இந்தியன்’ என்று வைக்கவில்லை, ‘ஈஸ்ட் இந்தியா’ என்றே வைத்தார்கள். அது லண்டன் வணிகர்களின் கம்பெனி, 1600-ல் பட்டயம் வாங்கியது. கீழைநாட்டு வணிகம் அதன் வேலை, ஆனால் அது இந்தியாவைச் சேர்ந்தது இல்லை. ‘இந்தியா’ என்ற நவுன், கம்பெனிக்கு அந்த இடத்தோடு ஒரு தொடர்பு உண்டு என்று மட்டும் சொல்கிறது. ‘இந்தியன்’ என்று போட்டால் அது நம்முடையது ஆகிவிடும். ‘இந்தியன் பேங்க்’, ‘இந்தியன் ரயில்வேஸ்’ நம்முடையவை. எங்கள் தொழிலிலேயே ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்று ஒரு பெயர் உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றைப் போட்டுப் பதனிட்ட தென்னாட்டுத் தோலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் வழங்கிய பெயர் அது. இன்றும் ஈ.ஐ. லெதர் என்றுதான் சொல்கிறார்கள்.

ஊர்ப் பெயர்களில் பல சமயம் தேர்வே நம் கையில் இருக்காது. வேலூருக்கு ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ் கிடையாது, ஆம்பூருக்கும் கிடையாது. அதனால் ‘வேலூர் மியூட்டினி’, ‘ஆம்பூர் பிரியாணி’. இலங்கையின் கண்டிக்கு ‘கண்டியன்’ என்ற வடிவம் இருக்கிறது. அதனால்தான் இதே கோட்டையில் சிறை வைக்கப்பட்டு 1832-ல் இறந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றி எழுதும்போது ‘கண்டியன் கிங்’ என்று எழுத முடிகிறது.

‘நார்த் ஆற்காட்’ என்ற பழைய மாவட்டப் பெயரும் இப்படிப்பட்டதுதான். ‘நார்த்’ என்பது எல்லை வகுத்த பெயரில் வருவது. ‘நார்தர்ன்’ என்றால் வடபக்கம் என்று பொதுவாகச் சொல்வது. மாவட்டம் 1989-ல் பிரிந்து, 2019-ல் மீண்டும் மூன்றாகி, ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. இன்று ஒருவர் ‘நார்தர்ன் ஆற்காட்’ என்று எழுதினால் ஆற்காடு ஊரின் வடக்குப் பகுதி என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆனால் ‘சதர்ன் ரயில்வே’ என்பதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வைத்த பெயர் வைத்தபடி.

சரி, தலைப்பில் கேட்டதற்கு வருகிறேன். பொருள் எதனால் ஆனது என்று சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் நவுன். அதைப் போல இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அட்ஜெக்டிவ். ‘கோல்டு செயின்’ தங்கச் சங்கிலி. ‘கோல்டன் செயின்’ என்றால் இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் தங்க நிறச் சங்கிலி, கவரிங்காகவும் இருக்கலாம். செயின் பறிபோய்ப் புகார் எழுதுகிறவர், கூரியரில் நகை அனுப்பி விவரம் நிரப்புகிறவர், இவர்களெல்லாம் ‘கோல்டன்’ என்று எழுதினால் தங்களுக்கே பாதகம். அடகுக் கடை வாசலில் ‘கோல்டு லோன்’ என்று எழுதியிருப்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், ‘கோல்டன் லோன்’ என்று எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அப்படியானால் வேலூர் ஸ்ரீபுரம் கோயில் ஏன் ‘கோல்டன் டெம்பிள்’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. 2007-ல் திறந்த அந்தக் கோயிலில் சுமார் 1,500 கிலோ தங்கம் பயன்பட்டிருக்கிறது. ஆனால் கோயில் தங்கக் கட்டியால் எழுப்பியதில்லை. வேலைப்பாடு செய்த செப்புத் தகட்டின் மேல் தங்க ரேக்கை அடுக்கடுக்காகப் போர்த்தியிருக்கிறார்கள். பார்வைக்குப் பொன்னாக ஒளிர்வது, ஆகவே ‘கோல்டன்’. அமிர்தசரஸ் கோயிலுக்கும் அதே சொல்தான். தமிழில் ‘பொற்கோயில்’ என்று ஒட்டியே சொல்கிறோம், இங்கே தமிழ்க் காது கைவிட்டுவிடும்.

பட்டு, தோல், கல் எல்லாம் இதே வழியில் போகும். ஆரணியில் வாங்குவது ‘சில்க் சாரி’. ‘சில்கி’, ‘சில்கன்’ இரண்டும் பெரும்பாலும் கூந்தலுக்கும் குரலுக்கும். கடையில் இருப்பது ‘லெதர் பேக்’. ‘லெதரி’ என்றால் தோல் மாதிரி தடித்துக் காய்ந்தது, வெயிலில் வேலை செய்தவரின் முகத்துக்குச் சொல்வது. ஆம்பூரில் ஒரு கேட்டலாக்கில் ‘லெதரி வாலட்ஸ்’ என்று அச்சாகி இருந்ததை நானே பார்த்தேன். அசல் தோலில், கை நோகத் தைத்த பர்ஸுகள். அந்த ஒரு சொல்லால் ரெக்ஸின் என்று ஆகிவிட்டது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. கோட்டை ‘ஸ்டோன் ஃபோர்ட்’, அதைச் சுற்றியுள்ள குன்றுகள் ‘ஸ்டோனி’. மரமும் கம்பளியும் விலக்கு. ‘வுடன் சேர்’, ‘வுலன் ஸ்வெட்டர்’ என்று அட்ஜெக்டிவ் வடிவமே பொருளைச் சொல்கிறது. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி மிகவும் குழப்பும் இடம். வேலூரில் ஒரே ஊருக்குள் ‘மெடிக்கல் காலேஜ்’ இருக்கிறது, ‘லா காலேஜ்’ இருக்கிறது. விஐடி 1984-ல் தொடங்கியபோது அதன் பெயர் ‘வேலூர் இன்ஜினியரிங் காலேஜ்’. மூன்றும் கல்லூரி, மூன்றும் எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்ற வகையைத்தான் சொல்கின்றன. என் சோதனைப்படி மூன்றும் நவுனாக இருக்க வேண்டும். தமிழில் அப்படித்தான்: மருத்துவக் கல்லூரி, சட்டக் கல்லூரி, பொறியியல் கல்லூரி. ஆங்கிலத்தில் ‘மெடிசின் காலேஜ்’ என்று ஒருவரும் சொல்வதில்லை, ‘லீகல் காலேஜ்’ என்றும் சொல்வதில்லை. ஆனால் ‘லீகல் எய்ட்’ உண்டு.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ‘மெடிக்கல்’, ‘டென்டல்’, ‘எலக்ட்ரிக்கல்’, ‘அக்ரிகல்சுரல்’ போன்றவை வடிவத்தில் அட்ஜெக்டிவ், வேலையில் நவுன். கண்டுபிடிப்பது எளிது. முன்னால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். ‘வெரி பியூட்டிஃபுல் பார்லர்’ என்று சொல்லலாம். ‘வெரி மெடிக்கல் காலேஜ்’ என்று சொல்ல வாய் வராது. ‘வெரி’ ஏற்காத அட்ஜெக்டிவ் பெரும்பாலும் குணம் சொல்லவில்லை, வகைதான் சொல்கிறது. ஆக, வகை சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு பாதைகள் இருக்கின்றன: பச்சை நவுன் ஒன்று, லத்தீன், கிரேக்கத்திலிருந்து வந்த இப்படிப்பட்ட அட்ஜெக்டிவ் ஒன்று. எந்தத் துறைக்கு எது என்பது வழக்கம் முடிவு செய்தது. ‘அக்ரிகல்ச்சர் மினிஸ்டர்’ என்போம், கோவையில் இருப்பது ‘அக்ரிகல்சுரல் யூனிவர்சிட்டி’. இதில் தர்க்கம் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நல்ல அகராதி ஒன்றில் அந்தச் சொல்லைத் திறந்து, கீழே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். சந்தேகம் வந்தபோதெல்லாம் நான் செய்வது அதைத்தான்.

நர்சிங் மாணவிகளுக்கு இது வெறும் இலக்கணப் பாடம் இல்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இன்று ஊரையே நிறைத்திருக்கிறது. எங்கள் தெருவில்கூட வெளிமாநில நோயாளிகள் தங்குகிறார்கள், அவர்களோடு பேச ஆங்கிலம்தான் நடுமொழி. நோயாளியிடம் பேசும்போது நவுன் வைத்துப் பேசுங்கள் என்று சொல்கிறேன்: ‘ஹார்ட் ப்ராப்ளம்’, ‘கிட்னி ஸ்டோன்’, ‘லங் டெஸ்ட்’. கேஸ் ஷீட்டில் ‘கார்டியாக்’, ‘ரீனல்’, ‘பல்மனரி’ வரும். பொருள் ஒன்றுதான், கேட்பவர்தான் வேறு. ஆனால் எல்லா இடத்திலும் மாற்றிப் போட முடியாது. ‘ஹார்ட் அட்டாக்’ என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்பது இதயத் துடிப்பே நின்றுபோவது. முதலாவதில் நோயாளி பெரும்பாலும் நினைவோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார். இரண்டாவதில் உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். ஹார்ட், கார்டியாக் இரண்டும் இதயம்தானே என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த நாள் முழுக்க வேறு பாடம் எடுக்கவில்லை, இதையே பேசினோம்.

மின்சாரத்தில் மூன்று தேர்வுகள். கரன்ட்டே பொருளானால் நவுன்: ‘எலக்ட்ரிசிட்டி பில்’. கரன்ட்டில் ஓடுவதும் கரன்ட்டைக் கொண்டுபோவதும் ‘எலக்ட்ரிக்’: ‘எலக்ட்ரிக் ஸ்கூட்டர்’, ‘எலக்ட்ரிக் வயர்’. துறையைப் பொதுவாகச் சொன்னால் ‘எலக்ட்ரிக்கல்’: ‘எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்’. அதேபோல வரலாற்றுப் பாடப் புத்தகம் ‘ஹிஸ்டரி புக்’, பழங்காலம் சம்பந்தப்பட்ட ஆவணம் ‘ஹிஸ்டாரிக்கல் டாக்குமென்ட்’, வரலாற்றில் இடம்பிடித்தது ‘ஹிஸ்டாரிக்’. நம் கோட்டை ‘ஹிஸ்டாரிக் ஃபோர்ட்’. சுற்றுலாக் கையேடு எழுதுகிறவர்கள் இந்த ஒன்றையாவது சரியாக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

முன்னால் நிற்கும் நவுன் ஒருமையா, பன்மையா என்பதும் நம்மைத் தடுக்கும். ஆயிரம் ஜோடி இருந்தாலும் தமிழில் ‘செருப்புக் கடை’தான், ‘செருப்புகள் கடை’ இல்லை. ஆங்கிலத்திலும் அப்படியே, ‘ஷூ ஷாப்’. ஆனால் பலவகை கொண்ட ஒரு தொகுதியைச் சொல்லும்போதும், பன்மையாகவே நிலைத்துப்போன சொற்களிலும் பன்மை வரும். சிப்காட் என்பதன் விரிவில் ‘இண்டஸ்ட்ரீஸ் ப்ரோமோஷன்’ என்று வருகிறது. ராணிப்பேட்டை பெல் ஆலையின் பெயர் ‘பாய்லர் ஆக்ஸிலரிஸ் பிளான்ட்’. ‘ஸ்போர்ட்ஸ் டே’, ‘சேவிங்ஸ் அக்கவுன்ட்’, ‘கூட்ஸ் ட்ரெயின்’ இதே இனம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது ‘சேல் டீட்’, ஏனென்றால் ஒரு விற்பனை. கடைக்காரர் கட்டி வந்தது ‘சேல்ஸ் டாக்ஸ்’, ஏனென்றால் மொத்த விற்பனை. மனிதருக்கு உரியது என்றால் ‘விமன்ஸ் காலேஜ்’, ‘சில்ட்ரன்ஸ் வார்டு’ என்று பெரும்பாலும் உடைமை வடிவம் போட வேண்டும், இங்கெல்லாம் வெறும் நவுன் நிற்காது.

ஆபீஸ் ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நவுன் ஒட்டும் என்று தெரிந்தவுடன் ஒட்டிக்கொண்டே போவார்கள். ‘லெதர் குட்ஸ் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் சப்மிஷன் டேட்’ என்று நானே அடித்திருக்கிறேன். ஆறு சொல் தாண்டித்தான் தேதியைப் பற்றிய பேச்சு என்றே தெரிகிறது. கடைசியில் நிற்கும் முக்கியமான சொல்லையும் (தலைச்சொல்) சேர்த்து மூன்று நவுனுக்கு மேல் போனால் உடைத்து, தேதியை முன்னால் கொண்டுவந்து ‘ஃபார்’, ‘ஆன்’, ‘ஆஃப்’ போட்டு எழுதுங்கள். வரி நீளும், ஆனால் அந்தப் பக்கம் படிக்கிறவர் திரும்பப் படிக்க வேண்டியிருக்காது.

போன மாதம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வந்தார். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயில் தொக்கு போட்டு விற்கத் தொடங்கியிருக்கிறார். பாட்டிலில் ஒட்டும் லேபிளுக்கு அவர் மகன் மூன்று பெயர் எழுதிக் கொடுத்திருந்தான். “இவன் மூணு மாதிரி எழுதியிருக்கான் டீச்சர், எது சரின்னு நீங்களே சொல்லுங்க” என்றார். முதலாவது ‘வேலூர் ஸ்பைன் பிரிஞ்சால் தொக்கு’. தமிழில் ‘முள்ளு கத்தரி’ என்று ஒட்டுவதால் அப்படியே நவுனாக எழுதியிருக்கிறான். ஆனால் ‘ஸ்பைன்’ என்றால் படிப்பவருக்கு முதலில் முதுகெலும்புதான் தோன்றும், ஆகவே ‘ஸ்பைனி’ வேண்டும். இரண்டாவது ‘ஸ்பைனி வேலூர் பிரிஞ்சால் தொக்கு’. இதில் வேலூர்க் கத்தரி என்று ஒரு வகை இருப்பதாகவும், அது முள்ளாக இருப்பதாகவும் பொருள் வருகிறது. மூன்றாவது ‘வேலூர் ஸ்பைனி பிரிஞ்சால் தொக்கு’. ‘பிரிஞ்சால்’ என்ற சொல்லை ஒட்டி நிற்பதுதான் வகைப்பெயர், ஊர் அதற்கு வெளியே நிற்க வேண்டும். முள்ளு கத்தரி ஒரு வகை, அதில் வேலூர்க்காரி இவள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் ‘வேலூர் ஸ்பைனி பிரிஞ்சால்’ என்ற பெயரில்தான்.

மூன்றாவதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அப்புறம் ‘தொக்கு’ என்பதை மட்டும் தனி வரியில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். பாட்டிலுக்குள் இருப்பது அதுதான், முன்னால் நிற்கும் மூன்று சொல்லும் அதற்கு அடைமொழி.